4×4 வண்டி நிஜத்தில் எவ்வளவு மைலேஜ் தரும்? சாலையில் குடிக்கும், சேற்றில் மிச்சம் பிடிக்கும்: தரங்கம்பாடியிலிருந்து ஒரு கணக்கு

"கம்பெனிக்காரன் 17 சொன்னான், எனக்கு 12தான் வருது." 4×4 வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். தரங்கம்பாடி, பொறையார் பக்கம் பெட்ரோல் பங்க்கில் நின்றாலும் சரி, மயிலாடுதுறையில் டீக்கடையில் நின்றாலும் சரி, கேள்வி ஒன்றுதான். காகிதத்தில் இருக்கும் மைலேஜ் ஏன் சாலையில் வருவதில்லை?

டெல்டாவில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. வீட்டு வாசலில் நிற்கும் எஸ்யூவி மட்டும் 4×4 அல்ல, வயலில் இறங்கும் டிராக்டரும் இப்போது 4×4தான். ஒன்று டீசலைக் கூடுதலாகக் குடிக்கிறது, இன்னொன்று மிச்சப்படுத்துகிறது. ஒரே தொழில்நுட்பம் ஏன் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது? லட்சக்கணக்கில் பணம் போட்டு வண்டி வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

• காகிதத்தில் இருப்பது சோதனைக்கூட மைலேஜ். வண்டிகளை ஒப்பிட உதவும், உங்கள் சாலைக்குப் பொருந்தாது.

• 4×4 பட்டனைத் தொடாமலே ஓட்டினாலும் 4×4 வண்டி கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

• சேற்று வயலில் கணக்கு தலைகீழ். அங்கே 4×4 டிராக்டர் சறுக்கலைக் குறைத்து டீசலை மிச்சப்படுத்தும்.

• உண்மையான மைலேஜைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பிக் கணக்குப் போடுவது.

காகிதத்தில் இருக்கும் எண் எங்கிருந்து வருகிறது?

இந்தியாவில் விளம்பரத்தில் வரும் மைலேஜை பொதுவாக 'ஏஆர்ஏஐ மைலேஜ்' என்கிறார்கள். ஏஆர்ஏஐ என்பது புனேவில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சி சங்கம். அது தவிர, அரசு அனுமதி பெற்ற வேறு சோதனை மையங்களும் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் ஒன்று இருக்கிறது.

அங்கே வண்டியைச் சாலையில் ஓட்டுவதில்லை. பெரிய உருளைகளின் மேல் நிறுத்தி, சக்கரம் மட்டும் சுற்றும்படி ஓட்டுகிறார்கள். காற்றின் எதிர்ப்பும் வண்டியின் எடையும் கணக்கிடப்பட்டு, அதற்கு ஏற்ற பாரம் உருளையில் ஏற்றப்படும். எந்த நொடியில் எவ்வளவு வேகம் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். இதற்குப் பெயர் 'மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டுச் சுழற்சி', சுருக்கமாக எம்ஐடிசி.

அதன் விவரம் இதுதான்:

• மொத்த நேரம் 1,180 நொடி. அதாவது 20 நிமிடம்கூட இல்லை.

• மொத்த தூரம் சுமார் 10.6 கிலோமீட்டர்.

• அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். சராசரி வேகம் 32-33 கிலோமீட்டர்தான்.

• ஏசி அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

இதை நம்ம ஊர் ஓட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் ஏசி போடாமல் மயிலாடுதுறை வரை போய்வர யாரால் முடியும்? வீட்டு ஆட்கள் ஐந்து பேர், பின்னால் அரிசி மூட்டை, ஸ்பீட் பிரேக்கர், குறுக்கே வரும் ஆடு, திருவிழா நெரிசல். இது எதுவும் அந்த 1,180 நொடிக்குள் இல்லை.

அப்படியானால் கம்பெனி பொய் சொல்கிறதா? இல்லை. எல்லா வண்டிக்கும் ஒரே பரீட்சை. எது கூடுதலாகக் குடிக்கும், எது குறைவாகக் குடிக்கும் என்று ஒப்பிட அந்த எண் சரியாகவே உதவும். உங்கள் சாலையில் எத்தனை கிலோமீட்டர் வரும் என்று கேட்டால் மட்டும் அதனிடம் பதில் இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதானா?

ஆம். எம்ஐடிசி என்பது ஐரோப்பாவின் பழைய சோதனை முறையின் இந்திய வடிவம். அந்தப் பழைய முறை நிஜத்துக்குப் பொருந்தவில்லை என்று ஐரோப்பா 2017-ல் இருந்து கைவிட்டு, டபிள்யூஎல்டிபி என்ற கடுமையான முறைக்கு மாறியது. அதில் சோதனை நேரம் 1,800 நொடி, தூரம் 23 கிலோமீட்டருக்கும் மேல், அதிகபட்ச வேகம் 131 கிலோமீட்டர்.

அப்படி மாறியும் இடைவெளி முழுசா மூடவில்லை. 2021-ல் பதிவான சுமார் 6 லட்சம் வண்டிகளில் உள்ள கருவிகளிலிருந்து நேரடியாக எடுத்த தரவை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. காகிதத்தில் இருப்பதைவிட பெட்ரோல் கார்கள் 23.7 சதவீதமும், டீசல் கார்கள் 18.1 சதவீதமும் கூடுதலாக எரிபொருள் குடித்தன.

அமெரிக்காவில் 2008 மாடல் ஆண்டிலிருந்து ஐந்து விதச் சோதனைகளைக் கணக்கில் எடுக்கிறார்கள். நகர ஓட்டம், நெடுஞ்சாலை ஓட்டம் ஆகியவற்றோடு அதிவேகம், வெயிலில் ஏசி போட்டு ஓட்டுவது, குளிரில் ஓட்டுவது ஆகியவையும் சேர்ந்தன. அதனால் அங்கே கண்ணாடியில் ஒட்டும் எண் நிஜத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

இந்த அளவுகோலை நம்ம ஊர் வண்டிக்குப் போட்டுப் பார்க்கலாம். மாருதி ஜிம்னி மேனுவலின் அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 16.94 கிலோமீட்டர். ஆட்டோமேட்டிக்குக்கு 16.39. ஐரோப்பிய பெட்ரோல் கார்களில் தெரிந்த அதே இடைவெளி இங்கேயும் இருந்தால், 16.94 என்பது 13.7 ஆகக் குறையும். நம் சோதனை ஐரோப்பியச் சோதனையைவிட எளிது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், "17 சொன்னான், 12தான் வருது" என்பவர் வண்டியில் கோளாறு என்று பயப்பட வேண்டியதில்லை.

4×4 ஏன் கூடுதலாகக் குடிக்கிறது?

பலர் நினைப்பது இதுதான்: "நான் 4×4-ஐப் போடுறதே இல்லையே, அப்புறம் எப்படி மைலேஜ் குறையும்?" குறையும். காரணங்கள் நான்கு.

*ஒன்று, எடை.* முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ், கூடுதல் ஷாஃப்ட், கூடுதல் டிஃபரன்ஷியல் எல்லாம் இரும்பு. பட்டனைப் போட்டாலும் போடாவிட்டாலும் அவற்றைச் சுமந்துகொண்டுதான் வண்டி போகிறது.

*இரண்டு, சும்மா சுற்றும் பாகங்கள்.* பல வண்டிகளில் இரண்டு சக்கர ஓட்டத்தில் இருக்கும்போதும் முன்பக்க ஷாஃப்ட்டும் பல்சக்கரங்களும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். ஆயிலைக் கலக்கி, உராய்ந்து, சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

*மூன்று, டயர்.* கரடுமுரடான பூ உள்ள ஆல்-டெரெய்ன் டயர் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். தார்ச்சாலையில் உருளுவதற்கு அதிக சக்தி கேட்கும்.

*நான்கு, உருவம்.* உயரமான, பெட்டி மாதிரியான வண்டி காற்றைக் கிழிக்காது, தள்ளிக்கொண்டு போகும். வேகம் கூடக் கூட இந்தச் செலவு ஏறும்.

முதல் இரண்டு காரணங்களுக்கு மட்டும் எவ்வளவு விலை? இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2022-ல் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவில் ஒரே 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஒரே மேனுவல் கியர், இரண்டு சக்கர ஓட்டத்திலும் கிடைத்தது, நான்கு சக்கர ஓட்டத்திலும் கிடைத்தது. அறிவிக்கப்பட்ட மைலேஜ் முன்னதற்கு 21.11, பின்னதற்கு 19.38. அதாவது சுமார் 8 சதவீதம் குறைவு.

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் வித்தியாசம் சுமார் 51 லிட்டர். கணக்குக்காக லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்கு சுமார் 5,100 ரூபாய். இது தேவைப்படும்போது மட்டும் பின்சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும் இலகுவான அமைப்பு. டிரான்ஸ்பர் கேஸ், 4எல் கியர், பெரிய டயர் எல்லாம் உள்ள கனமான வண்டிகளில் இடைவெளி இன்னும் விரியும்.

2 கிலோமீட்டர் குறைந்தால் என்ன பெரிய நஷ்டம்?

இங்கே ஒரு கண்ணுக்குத் தெரியாத கண்ணி இருக்கிறது. மைலேஜ் 20-லிருந்து 18 ஆகக் குறைவதும், 12-லிருந்து 10 ஆகக் குறைவதும் பார்வைக்கு ஒன்றுதான். இரண்டிலும் 2 கிலோமீட்டர்தானே? 10,000 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

• 20 → 18: செலவு 500 லிட்டரிலிருந்து 556 லிட்டர். கூடுதல் 56 லிட்டர்.

• 12 → 10: செலவு 833 லிட்டரிலிருந்து 1,000 லிட்டர். கூடுதல் 167 லிட்டர்.

அதே 2 கிலோமீட்டர், நஷ்டம் மூன்று மடங்கு. மைலேஜ் ஏற்கெனவே குறைவாக உள்ள வண்டியில் ஒவ்வொரு கிலோமீட்டரும் விலை கூடியது. பெரும்பாலான கனமான 4×4 வண்டிகள் இந்தக் கீழ்த்தட்டில்தான் இருக்கின்றன. ஐரோப்பாவில் பெரும்பாலும் "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்" என்று கேட்காமல், "100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் ஏமாற முடியாது.

2ஹெச், 4ஹெச், 4எல்: எதை எப்போது போடுவது?

மகிந்திரா தார், ஜிம்னி மாதிரி வண்டிகளில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு லீவர் இருக்கும். அதில் மூன்று நிலை.

*2ஹெச்:* சக்தி பின்சக்கரங்களுக்கு மட்டும். தார்ச்சாலைக்கு இதுதான். மைலேஜும் இதில்தான் அதிகம்.

*4ஹெச்:* சக்தி நான்கு சக்கரத்துக்கும். ஈர மண், சேறு, மணல், மழையில் ஊறிய வாய்க்கால் கரைக்கு.

*4எல்:* நான்கு சக்கரமும், கூடவே பல்சக்கர விகிதம் மாறி, அதே வேகத்துக்கு இன்ஜின் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ சுற்றும். சிக்கிய வண்டியை வெளியே எடுக்க, நடை வேகத்தில் ஏற. இதில் மைலேஜைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இந்த வகை வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் 4ஹெச் போட்டு ஓட்டக்கூடாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் நீண்ட வட்டத்திலும், பின்சக்கரம் சின்ன வட்டத்திலும் போகும். முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருப்பதால் அந்த வித்தியாசத்தைச் சரிசெய்ய வழியில்லை. சேற்றில் டயர் கொஞ்சம் சறுக்கிச் சரியாகிவிடும். தாரில் சறுக்காது. பல்சக்கரங்களுக்குள் முறுக்கம் ஏறும். டயர் தேயும், பெட்ரோல் வீணாகும், கடைசியில் ஒர்க்‌ஷாப் செலவு வரும். மழை பெய்கிறதே என்று நெடுஞ்சாலையில் 4ஹெச் போட்டவர்கள், ஈரம் காய்ந்ததும் மறக்காமல் 2ஹெச்-க்கு மாற்ற வேண்டும்.

தரங்கம்பாடி சாலை மைலேஜுக்கு நல்லதா, கெட்டதா?

நல்ல செய்தி: டெல்டா தட்டையான நிலம். ஏற்றம் என்று ஒன்று கிடையாது. கொடைக்கானல், ஏற்காடு மாதிரி முதல், இரண்டாம் கியரில் திணற வேண்டியதில்லை.

கெட்ட செய்தி: வேகம். விழுப்புரம் - நாகப்பட்டினம் நெடுஞ்சாலை நான்கு வழியாக அகலமானதில் கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்துகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80-ல் போகும் வண்டி 100-க்குப் போனால், வேகம் கூடியது 25 சதவீதம். காற்று எதிர்த்துத் தள்ளும் விசை கூடியது 56 சதவீதம். பெட்டி வடிவ 4×4-க்கு இது நேரடி நஷ்டம். கடலோரச் சாலையில் எதிர்க்காற்று அடிக்கும் நாளில் இன்னும் மோசம்.

அடுத்தது குறுகிய ஓட்டம். வீட்டிலிருந்து கடைத்தெரு, பள்ளிக்கூடம், திரும்ப வீடு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டினால் இன்ஜின் சூடேறுவதற்குள் வந்துவிடும். குளிர்ந்த இன்ஜின் கூடுதலாகக் குடிக்கும். கடலூர், சிதம்பரம் என்று நெடுந்தூரம் போனபோது வந்த மைலேஜும், ஊருக்குள் சுற்றியபோது வந்த மைலேஜும் ஒரே வண்டியில் வேறு வேறாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

மூன்றாவது, மேலே ஏற்றும் சாமான். கேரியர், ஏணி, லைட் பார் எல்லாம் அழகுக்கு. அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம் தரும் கணக்குப்படி, கூரைமேல் பெரிய பெட்டி வைத்தால் நகரத்தில் 2 முதல் 8 சதவீதமும், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதமும் மைலேஜ் குறையும். அதே தளத்தின்படி, நான்கு டயரிலும் காற்று ஒரு பி.எஸ்.ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். 10 பி.எஸ்.ஐ குறைந்திருந்தால் 2 சதவீதம். மணலுக்காகக் காற்றை இறக்கியவர்கள் திரும்ப ஏற்ற மறந்தால் தினமும் இந்த அபராதம்தான்.

மணல் என்றதும் ஒரு வார்த்தை. டேனிஷ் கோட்டைக்கு முன்னால் கடற்கரையைப் பார்த்ததும் 4×4-ஐ இறக்கிப் பார்க்க ஆசை வரும். தார்ச்சாலையைவிட தளர்ந்த மணலில் டயர் உருள்வதற்கு எதிர்ப்பு பத்து மடங்குக்கும் மேல். ஆனால் பெட்ரோலைவிடப் பெரிய விஷயம், இது மீனவர்கள் வலை காயவைத்து வேலை செய்யும் கரை. ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட ஏறும் கடலோரமும் இதுதான். வண்டி ஓட்டிப் பழகும் இடம் அல்ல.

இ20 பெட்ரோலால் எவ்வளவு குறையும்?

பெட்ரோல் 4×4 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. ஒரே அளவு எடுத்தால், பெட்ரோலைவிட எத்தனாலில் சக்தி சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் கொஞ்சம் குறைவது இயற்கை.

எவ்வளவு? நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கை இரண்டு எண் தருகிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, இ10-க்குச் சரிசெய்யப்பட்ட பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம். இ10-க்காக வடிவமைத்து, இ20-க்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதம். உங்கள் வண்டி எந்த வகை என்பது அதன் கையேட்டிலேயே இருக்கும். டீசல் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

காரைக்காலுக்குப் போய் நிரப்பினால் லாபமா?

தரங்கம்பாடியிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் போனாலே காரைக்கால் எல்லை வந்துவிடும். அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். அங்கே வாட் வரி குறைவு என்பதால் பெட்ரோல், டீசல் விலையும் குறைவு. "அங்க போய் ஃபுல் டேங்க் போட்டுட்டு வந்துடலாம்" என்பது இந்தப் பக்கம் வழக்கம்.

லாபமா என்பது தூரத்தைப் பொறுத்தது. வித்தியாசம் லிட்டருக்கு 4 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 லிட்டர் நிரப்பினால் மிச்சம் 120 ரூபாய். வண்டி 12 கிலோமீட்டர் தருகிறது, லிட்டர் 100 ரூபாய் என்றால்:

• போக வர 12 கிலோமீட்டர்: செலவு 1 லிட்டர், 100 ரூபாய். மிச்சம் 20 ரூபாய்.

• போக வர 30 கிலோமீட்டர்: செலவு 2.5 லிட்டர், 250 ரூபாய். நஷ்டம் 130 ரூபாய்.

வேறு வேலையாகக் காரைக்கால் போகும்போது நிரப்பினால் முழு லாபம். நிரப்புவதற்காகவே போனால், பைக்குக்கு வேண்டுமானால் சரிவரும், 4×4-க்குக் கையைக் கடிக்கும்.

உண்மையான மைலேஜை எப்படிக் கண்டுபிடிப்பது?

டாஷ்போர்டில் தெரியும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அது கணினியின் மதிப்பீடு. வழி எளிது:

1. பங்க்கில் டேங்க் நிரப்புங்கள். பம்ப் தானாக நின்றதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் திணிக்க வேண்டாம்.

2. டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள்.

3. வழக்கம்போல் ஓட்டுங்கள். குறைந்தது 300 கிலோமீட்டர் ஓடட்டும்.

4. முடிந்தால் அதே பங்க்கில், அதே பம்ப்பில், மறுபடி அதே மாதிரி நிரப்புங்கள்.

5. ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுங்கள்.

உதாரணமாக 378 கிலோமீட்டர் ஓடி, 31.5 லிட்டர் போட்டால் மைலேஜ் 12. ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வராதீர்கள். நான்கைந்து தடவை குறித்து வைத்துச் சராசரி பாருங்கள்.

பெரிய டயர் மாற்றியவர்களுக்கு ஒரு குறிப்பு. டயரின் விட்டம் 5 சதவீதம் கூடியிருந்தால், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 105 கிலோமீட்டர் ஓடியிருக்கும். மீட்டர் குறைத்துக் காட்டுவதால் மைலேஜ் நிஜத்தைவிடக் குறைவாகத் தெரியும். செல்போன் ஜிபிஎஸ் தூரத்தோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

வயலில் மட்டும் கணக்கு ஏன் தலைகீழ்?

இதுவரை சொன்னதெல்லாம் சாலை. இனி வயலுக்கு வருவோம். டிராக்டருக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. மணிக்கு எத்தனை லிட்டர், மாவுக்கு எத்தனை லிட்டர் என்பதுதான். டெல்டாவில் ஒரு மா என்பது சுமார் 33 சென்ட். 20 மா சேர்ந்தால் ஒரு வேலி.

காவிரித் தண்ணீர் பாய்ந்த களிமண் வயலில் இரண்டு சக்கர டிராக்டர் இறங்கினால், பின்சக்கரம் சுற்றும், வண்டி அந்த அளவுக்கு நகராது. இதுதான் சறுக்கல். உழும்போது 10 முதல் 15 சதவீதம் வரை சறுக்குவது இயல்பு. அதற்கு மேல் போனால் டீசல் மண்ணைக் கலக்கவே செலவாகிறது.

ஒரு டிராக்டர் 30 சதவீதம் சறுக்குகிறது, இன்னொன்று முன்சக்கரமும் சேர்ந்து இழுப்பதால் 15 சதவீதம்தான் சறுக்குகிறது என்று வைப்போம். சக்கரம் 100 மீட்டருக்குச் சுற்றினால் முதலாவது 70 மீட்டர் நகரும், இரண்டாவது 85 மீட்டர் நகரும். இரண்டாவது ஒரு ஏக்கரை 60 நிமிடத்தில் முடித்தால், முதலாவதுக்கு 73 நிமிடம் ஆகும். இரண்டும் மணிக்கு 5 லிட்டர் குடித்தால், சறுக்கும் டிராக்டர் ஏக்கருக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடுதலாகக் குடிக்கிறது. ஒரு வேலிக்குச் சுமார் 7 லிட்டர்.

எடையும் கூடுதல் பல்சக்கரமும் 4×4 டிராக்டரிலும் உண்டுதான். ஆனால் சேற்றில் மிச்சமாகும் சறுக்கல் அந்தச் செலவைத் தாண்டிவிடுகிறது. சாலையில் சறுக்கலே இல்லை, ஆகவே மிச்சப்படுத்த ஒன்றும் இல்லை. வித்தியாசம் இவ்வளவுதான்.

இதில் வாடகைக்கு எடுக்கும் விவசாயியின் காசும் இருக்கிறது. டிராக்டர் உழவுக்கு வாடகை பெரும்பாலும் மணிக்கணக்கில். தனியாரிடம் எடுத்தாலும் சரி, வேளாண் பொறியியல் துறையில் எடுத்தாலும் சரி, மணிதான் கணக்கு. சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விவசாயிதான் பணம் கொடுக்கிறார். மணி வாடகை குறைவு என்று மட்டும் பார்க்காமல், ஒரு ஏக்கர் எத்தனை மணியில் முடியும் என்று கேட்பது நல்லது.

இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கல்டிவேட்டர், கலப்பை மாதிரி இழுக்கும் வேலையில்தான் 4×4-இன் லாபம் அதிகம். ரோட்டவேட்டர் ஓடும்போது சக்தியின் பெரும்பகுதி பி.டி.ஓ வழியாகக் கத்திகளுக்குப் போகிறது. அங்கே 4×4 முக்கியமாக உதவுவது, டிராக்டர் சேற்றில் மாட்டாமல் இருக்க. பின்சக்கரத்தில் கேஜ் வீல் மாட்டிய இரண்டு சக்கர டிராக்டரும் பல வயலில் நன்றாகவே வேலை செய்யும்.

அடுத்தது, வயலிலிருந்து ஏறியதும் முன்சக்கர ஓட்டத்தை அணைத்துவிட வேண்டும். 4×4 டிராக்டரில் முன்டயர் பின்டயரைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்படி அமைத்திருப்பார்கள். சேற்றில் அது இழுக்கும். தார்ச்சாலையில் அது டயரைத் தேய்க்கும், டீசலைக் குடிக்கும்.

அப்படியானால் யாருக்கு 4×4 தேவை?

வண்டி வாங்கும் முன் தன்னையே கேட்க வேண்டிய கேள்விகள்:

• ஆண்டில் எத்தனை நாள் உண்மையிலேயே சேற்றிலோ, மணலிலோ, மலைப்பாதையிலோ ஓட்டப் போகிறோம்?

• ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலுக்கும் வீட்டுக்கும் இடையே இரண்டு சக்கர ஓட்டத்தில் போக முடியாத பாதை இருக்கிறதா?

• அதே மாடலில் 4×2 கிடைக்கிறதா? விலை வித்தியாசம் எவ்வளவு?

• ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவோம்?

இறால் குட்டை, கொள்ளிடக் கரை, மழைக்காலத்தில் ஊறிப்போகும் வயல் பாதை என்று தினமும் போக வேண்டியவருக்கு 4×4 செலவு அல்ல, கருவி. ஒரு தடவை சேற்றில் மாட்டி டிராக்டர் வரவழைத்து இழுத்தால் ஆகும் செலவும் நேரமும் அவருக்குத் தெரியும். மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் தார்ச்சாலையில் மட்டும் போய்வருபவருக்கு அதே அமைப்பு, ஐந்தாறு ஆண்டு சும்மா சுமந்து செல்லும் இரும்பு. தெரிந்தே, ஆசைக்காக வாங்கினால் அதில் தப்பில்லை. அதற்கும் பெட்ரோல் கணக்கில் ஒரு விலை உண்டு என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும்.

ஷோரூமுக்குப் போகும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. அதே வண்டியை உங்கள் ஊரில், உங்கள் சாலையில் ஓட்டும் ஒருவரைக் கண்டுபிடித்து, டேங்க் நிரப்பிப் போட்ட கணக்கு என்ன என்று கேளுங்கள். விளம்பரத்தில் இருக்கும் எண்ணைவிட உங்கள் பணத்துக்கு அந்தப் பதில்தான் பக்கத்தில் இருக்கும்.